குறட்டையை அளக்கும் ஓர் இரவு!

ஆஸ்பத்திரியில் நடக்கும் தூக்க சோதனை: பயம் வேண்டாம், விவரம் வேண்டும்

குறட்டை என்றால் நமக்குச் சிரிப்பு. "கும்பகர்ணன் வந்துவிட்டான்" என்போம். கல்யாண வீட்டில் குறட்டை விடும் மாமாவை ஒதுக்குப்புறமாகப் படுக்க வைப்போம். "நன்றாகக் குறட்டை விடுகிறான், ஆழ்ந்த தூக்கம்" என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு.

இப்போது அந்தக் குறட்டை டாக்டரிடம் போய் நிற்கிறது.

ரத்தக் கொதிப்பு என்று ஒருவர் டாக்டரிடம் போகிறார். "ராத்திரி குறட்டை உண்டா? பகலில் தூங்கி வழிகிறீர்களா?" என்று டாக்டர் கேட்கிறார். பிறகு சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுக்கிறார். "ஓர் இரவு தங்கி தூக்க சோதனை செய்துகொள்ளவும்."

சீட்டைப் பார்த்ததும் வீட்டில் கலக்கம். தலையில் கரண்டு வைப்பார்களா? மயக்க ஊசி போடுவார்களா? தூங்கும்போது ஏதாவது ஆகிவிட்டால்?

எதுவும் ஆகாது. அந்த இரவில் என்ன நடக்கிறது, எதற்காக நடக்கிறது, காலையில் கையில் கிடைக்கும் தாளுக்கு என்ன பொருள் என்பதைப் பார்ப்போம்.

ஏன் இந்தப் பேச்சு?

தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் ஒன்று உண்டு. உலகத்தில் 30 வயது முதல் 69 வயது வரை உள்ளவர்களில் சுமார் 93 கோடியே 60 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2019-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

இந்தியாவில்? டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2023-ல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். 10 கோடியே 40 லட்சம் பேர் என்பது அவர்கள் கணக்கு.

இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. எப்படித் தெரியும்? நோய் வரும் நேரத்தில் அவர்கள் தூங்கிக்கொண்டு இருக்கிறார்களே!

இந்தி சினிமாவில் "டிஸ்கோ" பாட்டுகளால் புகழ் பெற்ற இசை அமைப்பாளர் பப்பி லஹிரி 2022-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந்தேதி மும்பையில் காலமானார். அவருக்கு வயது 69. தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் அவருக்கு இருந்தது என்று டாக்டர்கள் தெரிவித்தார்கள். நோயின் பெயர் அன்றுதான் பல வீடுகளில் முதல் தடவையாகக் காதில் விழுந்தது.

தொண்டையில் என்ன நடக்கிறது?

நாம் விழித்திருக்கும்போது தொண்டையில் உள்ள தசைகள் விறைப்பாக இருக்கின்றன. காற்று போகும் வழி திறந்து இருக்கிறது.

தூங்கியதும் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று புகும்போது சதை அதிர்கிறது. அந்தச் சத்தம்தான் குறட்டை.

சிலருக்கு வழி குறுகுவதோடு நிற்பதில்லை. முழுவதும் அடைத்துக்கொள்கிறது. மார்பும் வயிறும் மூச்சுக்குப் போராடுகின்றன. ஆனால் காற்று உள்ளே போவதில்லை. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது.

மூளை சும்மா இருக்குமா? அபாயச் சங்கு ஊதி எழுப்புகிறது. தூங்குகிறவர் "கர்ர்ர்" என்று திணறி மூச்சு வாங்குகிறார். மறுபடி தூங்குகிறார். மறுபடி அடைப்பு.

சிலருக்கு இது ஒரு மணி நேரத்தில் 30, 40 தடவை நடக்கும். 8 மணி நேரம் படுத்திருந்தும், விடிந்ததும் அடித்துப் போட்டாற்போல் இருக்கும். காலையில் தலைவலி, பகலில் தூக்கம், எரிச்சல், மறதி. நாளடைவில் ரத்தக் கொதிப்பு வருகிறது. இருதய நோய்க்கும், பக்கவாதத்துக்கும் இதனுடன் தொடர்பு காணப்படுகிறது.

குறட்டை விடுகிற எல்லோருக்கும் இந்த நோய் என்று அர்த்தம் இல்லை. சத்தம் மட்டும் உள்ளவர்கள் ஏராளம். சத்தம் நின்று, மூச்சும் நின்று, பிறகு திணறல் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இதைக் கண்டுபிடிக்கிறவர் பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான். "மூச்சு வருகிறதா" என்று இருட்டில் பார்த்துக்கொண்டே விழித்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர்.

ரெயிலில் தூங்கிய டிரைவர்

இது ஒரு வீட்டுக்குள் அடங்கும் விஷயம் அல்ல.

2013-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி. அமெரிக்காவில் நியூயார்க் நகரை நோக்கி அதிகாலையில் ஒரு பயணிகள் ரெயில் வந்துகொண்டு இருந்தது. ஸ்பைட்டன் டைவில் என்ற இடத்தில் ஆற்றங்கரை ஓரமாக ஒரு வளைவு. மணிக்கு 30 மைல் வேகத்தில் திரும்ப வேண்டும். ரெயில் 82 மைல் வேகத்தில் பாய்ந்தது. பெட்டிகள் தடம் புரண்டன. 4 பேர் மாண்டார்கள். 60 பேருக்கு மேல் காயம் அடைந்தார்கள்.

டிரைவர் குடிக்கவில்லை. டெலிபோனும் பேசவில்லை. விசாரணை நடந்தது. அவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. பிறகு தூக்க சோதனை செய்தார்கள். கடுமையான மூச்சுத் தடை நோய் இருந்தது. விபத்து நடக்கும்வரை அவருக்கே அது தெரியாது. வேலை நேரம் சமீபத்தில் மாற்றப்பட்டதும் அவருடைய களைப்பைக் கூட்டியது.

3 ஆண்டு கழித்து, 2016 செப்டம்பர் 29-ந்தேதி, நியூஜெர்சி மாநிலம் ஹோபோக்கன் ரெயில் நிலையத்தில் இன்னொரு ரெயில் நிற்காமல் மோதியது. பிளாட்பாரத்தில் நின்ற ஒரு பெண் இறந்தார். 100 பேருக்கு மேல் காயம். அந்த டிரைவருக்கும் அதே நோய். அதுவும் முன்பு கண்டுபிடிக்கப்படாததே.

ரெயில், லாரி டிரைவர்களுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயம் ஆக்கலாமா என்று 2016-ல் அமெரிக்க அரசு யோசித்தது. 2017-ல் அந்த யோசனையைக் கைவிட்டது.

இங்கேதான் விஷயத்தின் சிக்கல் இருக்கிறது. சோதனை செய்தால் வேலை போய்விடுமோ என்று டிரைவர் பயப்படுகிறார். டிரைவர்களை வீட்டில் உட்கார வைத்தால் வண்டி எப்படி ஓடும் என்று முதலாளி யோசிக்கிறார். இருவரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். பின்சீட்டில் இருக்கும் பயணிக்கு ஒன்றும் தெரியாது.

இங்கிலாந்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பகலில் தூக்கம் வரும் அளவுக்கு இந்த நோய் உள்ளவர் வண்டி ஓட்டக்கூடாது. லைசென்சு அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் சிகிச்சையால் நோய் கட்டுப்பட்டதும் அவர் மறுபடி ஓட்டலாம். இது தண்டனை இல்லை, பழுது பார்ப்பதுதான்.

நாமக்கல்லில் இருந்தும் சங்ககிரியில் இருந்தும் இரவு பகலாக லாரிகள் புறப்படுகின்றன. சென்னைக்கும் மதுரைக்கும் நெல்லைக்கும் விடிய விடிய பஸ்கள் ஓடுகின்றன. டிரைவர்களுக்குக் கண்ணைச் சோதிக்கிறோம். தூக்கத்தையும் ஒரு தடவை விசாரித்தால் என்ன? நோய் இருப்பவர் வேலையை இழக்கமாட்டார் என்ற உறுதியை முதலில் கொடுத்தால், உண்மையைச் சொல்லப் பலர் முன்வருவார்கள்.

யாருக்குச் சோதனை?

டாக்டர்கள் 8 கேள்விகள் கேட்பது வழக்கம். கனடாவில் 2008-ல் வகுக்கப்பட்ட முறை இது.

அடுத்த அறைக்குக் கேட்கும் குறட்டையா? பகலில் களைப்பா? தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா? ரத்தக் கொதிப்பு உண்டா? உடல் பருமன் மிக அதிகமா? வயது 50-க்கு மேலா? கழுத்தின் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா?

3 கேள்விகளுக்கு "ஆம்" என்றால் கவனிக்க வேண்டும். 5 அல்லது அதற்கு மேல் என்றால் தள்ளிப்போடக்கூடாது.

கடைசிக் கேள்வியைப் பார்த்துவிட்டு, "பெண்களுக்கு இல்லை" என்று நினைக்கவேண்டாம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் இது அதிகமாக வருகிறது. அவர்கள் குறட்டையை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். "அசதி, தூக்கம் வரவில்லை, தலைவலி" என்றுதான் சொல்கிறார்கள். தைலத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

ஒல்லியானவர்களுக்கும் வரும். தாடை சிறியதாக, உள்வாங்கி இருந்தால் வழி இயற்கையிலேயே குறுகல்.

குழந்தைகளுக்கும் உண்டு. தொண்டைச் சதை வீங்கியிருக்கும். வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். தினமும் குறட்டை விடுவார்கள். சிலர் படுக்கையை நனைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் துறுதுறு என்று இருந்து பாடத்தைக் கவனிக்கமாட்டார்கள். அடிப்பதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

போகும் முன்னால்

சோதனை நாளில் வழக்கம்போல் சாப்பிடலாம். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

காலையில் தலைக்குக் குளியுங்கள். எண்ணெய் தடவாதீர்கள். தலையில் பசை ஒட்ட வேண்டும். எண்ணெய் இருந்தால் ஒட்டாது. முகத்தில் கிரீம், பவுடர் வேண்டாம். நகப்பூச்சு இருந்தால் ஒரு விரலிலாவது அழித்துவிடுங்கள். மருதாணி அடர்ந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு காப்பி, டீ வேண்டாம். மது கூடவே கூடாது. பகலில் தூங்காதீர்கள்.

சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை எழுதி எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்கக்கூடாது. டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தவும் கூடாது.

தளர்ச்சியான உடை வேண்டும். முன்பக்கம் பித்தான் வைத்த சட்டை நல்லது. வீட்டுத் தலையணை இல்லாமல் தூக்கம் வராது என்றால் அதையும் எடுத்துப் போகலாம். குழந்தைக்குச் சோதனை என்றால் தாயோ தந்தையோ உடன் தங்கலாம்.

இரவு 9 மணி

அறை சின்னதாக இருக்கும். ஒரு கட்டில், ஒரு விளக்கு. பல இடங்களில் ஓட்டல் அறை மாதிரிதான் இருக்கும். சுவர் மூலையில் இருட்டிலும் படம் பிடிக்கும் காமிரா ஒன்று இருக்கும். பக்கத்து அறையில் ஊழியர் ஒருவர் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்.

காமிரா என்றதும் பெண்கள் தயங்குவது இயல்பு. தூக்கத்தில் எப்படிப் படுக்கிறீர்கள், கை கால் உதறுகிறீர்களா, எழுந்து நடக்கிறீர்களா என்று பார்ப்பதற்கே அது. பெண் ஊழியர் வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். கேட்பதில் தவறு இல்லை.

பிறகு ஒயர் ஒட்டும் வேலை. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

தலையில் பல இடங்களில் சிறிய தகடுகளைப் பசை வைத்து ஒட்டுவார்கள். கண்களின் ஓரத்தில் இரண்டு. மோவாயில் இரண்டு மூன்று. மார்பில் இருதயத் துடிப்புக்கு. இரண்டு கால்களிலும். மார்பையும் வயிற்றையும் சுற்றி இரண்டு பெல்ட்டுகள். மூக்கில் மெல்லிய குழாய். தொண்டை அருகே குறட்டையைக் கேட்கும் சிறு கருவி. விரலில் பிராணவாயுவை அளக்கும் கருவி.

விரலில் மாட்டும் கருவி நமக்குப் பழக்கமானது. கொரோனா வந்த 2020, 2021-ம் ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்திருந்தோமே, அதே ஜாதிதான். அதன் தத்துவத்தை 1974-ல் உலகத்துக்குச் சொன்னவர் ஜப்பான் நாட்டுப் பொறியாளர் தாகுவோ அவோயாகி.

ஊசி இல்லை. ரத்தம் எடுப்பது இல்லை. உடம்புக்குள் மின்சாரம் செலுத்துவதும் இல்லை. உடம்பில் இருந்து வரும் மிக நுட்பமான மின் அலைகளை ஒயர்கள் எழுதிக்கொள்கின்றன. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதுபோல்தான். கொடுப்பது ஒன்றும் இல்லை, கேட்பது மட்டுமே.

"கண்ணைச் சிமிட்டுங்கள்!"

விளக்கை அணைக்கும் முன் ஒரு சிறு பரீட்சை. ஊழியர் ஒலிபெருக்கி மூலம் பேசுவார். "கண்ணைத் திறந்திருங்கள். மூடுங்கள். மேலே பாருங்கள். கீழே பாருங்கள். பல்லைக் கடியுங்கள். மூச்சைப் பிடியுங்கள். பாதத்தை அசையுங்கள்."

இது விளையாட்டு அல்ல. ஒவ்வொரு ஒயரும் வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள்.

பிறகு விளக்கு அணையும். உங்கள் வேலை தூங்குவது மட்டும்.

நடு இரவில் சிறுநீர் வந்தால்? அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டாம். குரல் கொடுத்தால் போதும். ஊழியர் வருவார். எல்லா ஒயர்களும் ஒரு சிறு பெட்டியில்தான் சேருகின்றன. அதைக் கழற்றிக் கையில் கொடுப்பார். போய் வந்து படுக்கலாம்.

ஒரு ஒயர் கழன்றால் அவரே வந்து ஒட்டுவார். தூக்கத்தில் புரளலாம். ஒருக்களித்துப் படுக்கலாம். "கொஞ்ச நேரம் மல்லாந்து படுங்கள்" என்று அவர் சொல்லக்கூடும். மல்லாந்து படுக்கும்போதுதான் பலருக்கு அடைப்பு அதிகம்.

தூக்கமே வராவிட்டால்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. புது இடம், உடம்பெல்லாம் ஒயர், எப்படித் தூங்குவது?

முதல் இரவில் தூக்கம் குறைவாகத்தான் இருக்கும். டாக்டர்களுக்கும் அது தெரியும். "தூங்கவே இல்லை" என்று காலையில் சொல்கிறவர்கள் பலர். வரைபடத்தைப் பார்த்தால் பல மணி நேரம் தூங்கியிருப்பார்கள்! நல்ல தூக்கம் வேண்டும் என்பது இல்லை. சில மணி நேரத் தூக்கம் கிடைத்தாலும் பெரும்பாலும் முடிவு சொல்ல முடியும். மிகக் குறைவாக இருந்தால் மட்டும் இன்னோர் இரவு வரச் சொல்வார்கள்.

சிலரை நடு இரவில் எழுப்பி மூக்கில் முகமூடி மாட்டுவார்கள். பயந்துவிடாதீர்கள். முதல் சில மணி நேரத்திலேயே நோய் கடுமை என்று தெரிந்தால், மீதி இரவில் சிகிச்சைக் கருவியைப் பொருத்தி எவ்வளவு காற்றழுத்தம் வேண்டும் என்று பார்ப்பது உண்டு. இதனால் இன்னோர் இரவின் செலவு மிச்சம். இப்படி நடக்கலாமா என்று படுக்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயர்கள் சொல்லும் கதை

தூக்கம் என்பது விளக்கு அணைந்தாற்போல் என்று முன்காலத்தில் நினைத்தார்கள். அது தவறு.

ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர் 1924-ல் மனித மூளையின் மின் அலைகளை முதல் முதலாகப் பதிவு செய்தார். பிறகு அமெரிக்காவில் சிக்காகோ நகரில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவர் தூங்குகிறவர்களின் கண்களைக் கவனித்தார். தம் சிறு மகனுக்கே ஒயர் ஒட்டிப் பார்த்தார். தூக்கத்தின் நடுவே மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடின! 1953-ல் அவரும் அவருடைய பேராசிரியர் கிளைட்மனும் இதை வெளியிட்டார்கள். கனவு அதிகம் வரும் நேரம் அதுதான்.

இப்போது தூக்கத்தை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். லேசான தூக்கம், அடுத்த படி, ஆழ்ந்த தூக்கம், கண் ஓடும் கனவுத் தூக்கம். ஒரு சுற்று சுமார் 90 நிமிடம். ஓர் இரவில் நாலைந்து சுற்று.

மூச்சுத் தடை உள்ளவர் இந்தப் படிகளில் இறங்க முயல்கிறார். பாதி இறங்கும்போதே இழுத்து மேலே விடப்படுகிறார். இரவெல்லாம் இதே கதை. விடிந்ததும் களைப்பு வராமல் என்ன செய்யும்? கனவுத் தூக்கத்தில் உடம்பின் தசைகள் மிகவும் தளர்வதால், அப்போது அடைப்பும் பலருக்கு நீளும்.

இந்தச் சோதனை மூச்சை மட்டும் பார்ப்பதில்லை. காலை உதறும் நோய், தூக்கத்தில் கத்துவது, எழுந்து நடப்பது, தூக்கத்தில் வரும் வலிப்பு இவற்றையும் காட்டிக்கொடுக்கும். பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் வேறு நோய் என்று சந்தேகம் இருந்தால், மறுநாள் பகலிலும் இருக்கச் சொல்வார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறு தூக்கம் போடச் சொல்லி அளப்பார்கள்.

காலையில் என்ன?

5½, 6 மணிக்கு எழுப்புவார்கள். ஒயர்களைப் பிரிப்பார்கள். வெந்நீரில் தலையைக் கழுவினால் பசை போய்விடும். தோலில் லேசான சிவப்பு இருந்தால் சீக்கிரம் மறைந்துவிடும். அன்றே வேலைக்குப் போகலாம். ஆனால் தூக்கம் சரியில்லை என்றால் நீங்கள் வண்டி ஓட்டவேண்டாம். யாரையாவது அழைத்து வரச் சொல்லுங்கள்.

"எனக்கு என்ன இருக்கிறது?" என்று ஊழியரைக் கேட்காதீர்கள். அவர் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. ஓர் இரவின் பதிவை 30 வினாடித் துண்டுகளாகப் பிரித்து, நூற்றுக்கணக்கான துண்டுகளைப் பார்க்க வேண்டும். பிறகு டாக்டர் முடிவு எழுதுவார். அதற்குச் சில நாட்கள் ஆகும்.

தாளில் உள்ள எண்

அறிக்கையில் பக்கம் பக்கமாக எண்கள் இருக்கும். முக்கியமானது ஒன்று. ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண். 10 வினாடிக்குக் குறையாமல் நின்றால்தான் ஒரு தடவை என்று கணக்கு.

5-க்குக் கீழே என்றால் பெரியவர்களுக்குச் சாதாரணம். 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-ம் அதற்கு மேலும் கடுமை. குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு மணிக்கு ஒன்றைத் தாண்டினாலே டாக்டர் கவனிப்பார்.

அடுத்தது, பிராணவாயு எவ்வளவு கீழே இறங்கியது, எவ்வளவு நேரம் கீழே கிடந்தது என்று பாருங்கள். ஒரே எண் உள்ள இருவரில், பிராணவாயு அதிகம் இறங்கியவருக்குக் கவலை அதிகம். ஆகவே எண்ணை மட்டும் வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் செய்யலாமா? கடிகாரம் போதுமா?

வீட்டிலேயே செய்யும் சோதனையும் வந்திருக்கிறது. சிறு கருவி தருவார்கள். மூச்சு, பிராணவாயு, நாடித் துடிப்பு இவற்றைப் பதிவு செய்யும். பெரும்பாலும் மூளை அலை பதிவாகாது. ஆகையால் நீங்கள் தூங்கினீர்களா, விழித்துக்கொண்டு கிடந்தீர்களா என்று அதற்குத் தெரியாது. நோயைக் குறைத்துக் காட்டக்கூடும்.

நோய் இருக்கும் என்று டாக்டர் பலமாகச் சந்தேகிக்கும் சாதாரண நோயாளிக்கு இது போதும்; செலவும் குறைவு. இருதய பலவீனம், நுரையீரல் நோய், பக்கவாதம் உள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரிச் சோதனையே சரி. வீட்டுச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தும் தொந்தரவு தீரவில்லை என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

கைக்கடிகாரங்களும் போட்டிக்கு வந்துவிட்டன. சாம்சங், ஆப்பிள் கடிகாரங்களின் இத்தகைய வசதிக்கு அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2024-ல் அனுமதி தந்தது. அவை "டாக்டரைப் பாருங்கள்" என்று எச்சரிக்கும். நோய் உண்டு என்றோ, இல்லை என்றோ தீர்ப்புச் சொல்ல அவற்றால் முடியாது.

சிகிச்சை என்ன?

நோய் இருப்பதே 1965-ல்தான் பிரான்சிலும் ஜெர்மனியிலும் பதிவு செய்யப்பட்டது. அப்போது கடுமையானவர்களுக்குத் தொண்டையில் துளை போடுவதைத் தவிர வேறு நல்ல வழி தெரியவில்லை.

1981-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர டாக்டர் கொலின் சல்லிவன் ஒரு வழி கண்டார். மூக்கில் ஒரு முகமூடி. அதன் வழியே லேசான அழுத்தத்தில் காற்று. காற்றே தொண்டைக்குள் முட்டுக்கட்டை மாதிரி நின்று வழியைத் திறந்து வைக்கிறது. ஆரம்பத்தில் தூசி உறிஞ்சும் எந்திரத்தின் மோட்டாரை வைத்துக் காற்று ஊதினார்கள்! இன்று அது தலைமாட்டில் வைக்கும் சிறு பெட்டி ஆகிவிட்டது.

இந்தப் பெட்டி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும் சொல்லவேண்டும். பகல் தூக்கம் குறைகிறது. ரத்தக் கொதிப்பு ஓரளவு இறங்குகிறது. இதில் சந்தேகம் இல்லை. ஆனால் மாரடைப்பைத் தடுக்குமா? ஏற்கெனவே இருதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ உள்ள 2,700-க்கு மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2016-ல் முடிவு வந்தது. பெட்டி பயன்படுத்தியவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அவர்கள் சராசரியாக இரவில் 3 மணி 20 நிமிட நேரம்தான் மாட்டியிருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வாங்கி மூலையில் வைத்தால் பலன் இல்லை. தூங்கும் நேரம் முழுவதும் மாட்ட வேண்டும்.

உடல் எடை இன்னொரு விஷயம். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சுத் தடை எண் சுமார் கால் பங்கு குறைகிறது என்று 2000-ம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டியது. உடல் பருமனும் நடுத்தர, கடுமையான நோயும் உள்ளவர்களுக்காக, எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசி மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் அதன் பக்கம் போகக்கூடாது.

லேசான நோய்க்குக் கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளும் பல் கருவி உதவும். சிலருக்கு ஒருக்களித்துப் படுத்தாலே பாதி தீரும். இரவு மதுவை விட வேண்டும். குழந்தைகளில் பலருக்குத் தொண்டைச் சதையை எடுத்துவிட்டால் குணம்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கட்டணம் மாறுகிறது. ஆகையால் முன்னாலேயே நாலு கேள்வி கேளுங்கள்.

இரவெல்லாம் ஊழியர் விழித்திருந்து பார்ப்பாரா? மூளை அலையும் பதிவாகுமா? முடிவை எழுதுகிறவர் தூக்க நோயில் பயிற்சி பெற்ற டாக்டரா? இன்சூரன்சு உண்டா?

ஐந்தாவது கேள்வியும் உண்டு. காற்றுப் பெட்டியை இங்கேதான் வாங்க வேண்டுமா? அன்று காலையே விற்க வந்தால் அவசரப்படாதீர்கள். முடிவு வரட்டும். சில நாள் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். முகமூடி முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பேர் பெற்ற கம்பெனிப் பெட்டியிலும் கோளாறு வருவது உண்டு. உள்ளே இருந்த நுரைப் பஞ்சு உதிர்ந்து மூச்சில் கலக்கலாம் என்று, 2021 ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ரசீதையும் பெட்டியின் எண்ணையும் பத்திரமாக வையுங்கள்.

வீட்டுக்கு ஒரு வார்த்தை

நோயாளி தூங்குகிறார். அவருக்குத் தெரியாது. பார்க்கிறவர் சொன்னால்தான் உண்டு.

உங்கள் வீட்டில் யாருக்காவது குறட்டை திடீரென்று நின்று, மூச்சும் நின்று, பிறகு திணறி எழுகிறதா? ஒரு நாள் கைபேசியில் அதைப் படம் பிடியுங்கள். கேலிக்கு அல்ல, டாக்டரிடம் காட்டுவதற்கு. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அடம் பிடிக்கும் அப்பாவுக்கும் அதைக் காட்டுங்கள். ஆயிரம் வார்த்தை சொல்லியும் கேட்காதவர் அதைப் பார்த்தால் கேட்பார்.

அவர் பஸ்சோ லாரியோ ஓட்டுகிறவராக இருந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அவர் பின்னால் 50 பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்கள்.